கங்காணியின் கைக்கணக்கு

ஒருவர் மற்றவரை எப்படித் தன் சொல்லுக்கு ஆட்படுத்துகிறார்? வாளும் தடியும் இதற்கு அவசியம் என்று நினைக்கிறோம். ஆனால் வாளால் அடக்குவது செலவு மிகுந்த வேலை. காவலுக்கு ஆள் வேண்டும். கண் அசந்தால் அடங்கியவன் ஓடிவிடுவான். அடங்கியவன் தானாகவே மறுநாள் காலை வந்து நிற்கும்படி செய்வதே கெட்டிக்கார ஆதிக்கம். அதற்கு ஒரு கடன், ஒரு கூரை, ஒரு கணக்குப் புத்தகம், நடுவில் ஓர் ஆள் போதும்.

இதைப் படித்தறிய வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கேரள எல்லைப் பகுதிகளில், இடுக்கி மாவட்டத்துத் தேயிலை மலைகளிலும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்திலும், இந்தப் பாடம் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆதிக்கம் கைக்கொள்ளும் வழிகளும், எளியவர்கள் அதைத் தடுத்து நிற்கும் வழிகளும் அங்கே உண்டு.

மலையேறிய மக்கள்

1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளில் சுமார் 1,37,000 ஏக்கர் நிலத்தைப் பெற்றார். காப்பியும் சின்கோனாவும் முதலில் பயிராயின. பிறகு தேயிலை வந்து மலை முழுவதையும் மூடியது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. நிலம் கிடைத்துவிட்டது; முதலும் இருந்தது. வேலை செய்யக் கைகள் வேண்டுமே! திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து அந்தக் கைகள் வந்தன. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலைப்பாதையில் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள்.

அவர்களை அழைத்து வந்தவர்தான் கங்காணி. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த அதே ஏற்பாடு இங்கும் நடந்தது. கங்காணி அந்நியர் அல்லர். அதே ஊர்க்காரர், பல சமயம் அதே சாதி, மாமன், மச்சான், சித்தப்பா என்று உறவுமுறை சொல்லி அழைக்கத்தக்கவர். தொரை எங்கோ பங்களாவில் இருப்பார். அவர் பேசுவது ஆங்கிலம். கங்காணியோ திருமணத்திற்கு முன்னின்று நடத்துவார், சாவுக்குத் தோள் கொடுப்பார், விடிந்தால் பெரட்டுக்கு ஆள் வரவில்லையென்று கதவைத் தட்டுவார். அன்பும் அதட்டலும் ஒரே வாயிலிருந்து வரும்போது எதிர்த்துப் பேசுவது எளிதல்ல.

ஐந்து கயிறுகள்

இந்த ஏற்பாடு மனிதர்களைக் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கயிறு முன்பணம். கம்பெனி கங்காணியிடம் பணம் கொடுக்கும். கங்காணி அதை ஊரில் கடன்பட்ட குடும்பங்களுக்குக் கொடுப்பார். பழைய கடன் தீர்ந்தது என்று மகிழ்ந்து மலையேறுகிறவர், அங்கே புதுக் கடனாளியாகவே வேலையைத் தொடங்குகிறார். வழிச் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அதே பற்றில் ஏறும். கடன் தீரும்வரை ஊர் திரும்ப முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. அதை நீக்க 1925 வரை ஆயிற்று. இலங்கையில், கடனோடு தொழிலாளரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு மாற்றும் ‘துண்டு’ முறையை 1921இல் ஒழித்தார்கள். ஒரு சிறு காகிதத் துண்டில் மனிதர் கை மாறிய காலம் அது.

இரண்டாவது கயிறு கணக்கு. எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தார், அரிசிக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் எழுதத் தெரிந்தவர் கையில் இருந்தது. எழுத்தறியாதவருக்குத் தன் உழைப்பே தனக்குத் தெரியாத ஒன்றாகிவிடுகிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, நிற்கிற பாக்கி எவ்வளவு என்று சொல்லும் அதிகாரம் புத்தகம் வைத்திருப்பவருக்கே உண்டு.

மூன்றாவது கயிறு கூரை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. இந்தக் கயிறு கங்காணி காலத்தோடு அறுந்துவிடவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய பெண் ஓய்வு பெறும்போது, வீட்டைக் காப்பாற்ற மகனோ மருமகளோ தோட்டத்து வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலை தொடர்ந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகள் மண்ணுக்குள் போயின. மாண்ட 70 பேரும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவருக்கு, எங்கே வீடு கட்டுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை என்பதை அந்த இரவு காட்டியது.

நான்காவது கயிறு மொழி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அவ்விரண்டையும் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நேசமணி முதலியோர் நடத்திய 1954ஆம் ஆண்டுப் போராட்டமும் சிறை சென்றதும் வரலாறு. அதன் நியாயங்களை இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஆனால் விளைவு ஒன்று உண்டு. வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் இன்னொரு மொழி என்றானபோது, ஒரு மனு எழுதவும், வந்த கடிதத்தைப் படிக்கவும் நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நடுவில் ஆள் தேவைப்படும் இடமெல்லாம் ஒரு புதிய கங்காணி முளைக்கும் இடம்.

ஐந்தாவது கயிறு பிரிவினை. இந்தக் கங்காணி ஆட்கள், அந்தக் கங்காணி ஆட்கள் என்ற பிரிவு முதலில், அதற்குள் சாதி, பின்னாளில் கொடியின் நிறம். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரு வீட்டார் ஒரே கோரிக்கையைத் தனித்தனியே வைத்தால், மறுப்பவர்க்கு வேலை சுலபம்.

பாலக்காட்டு எல்லையை ஒட்டிய வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல், இந்த வாழ்க்கையை 1969இல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்று அது தமிழில் வந்திருக்கிறது. நம் வீட்டுத் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் இருந்த கதையை அறிய விரும்புவோர் அவசியம் படிக்க வேண்டும்.

கயிறு அறுந்தது எப்படி?

சட்டம் சில கயிறுகளை அறுத்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கருணையிலிருந்து கடமையாக மாற்றியது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், உழைப்பைப் பிணையாக வைத்துக் கொடுத்த கடன் செல்லாது என்றது. கங்காணி முறையும் சுதந்திரத்துக்குப் பின் மெல்ல மெல்ல மறைந்தது.

சட்டத்தை உயிரோடு நடமாட வைத்தவை தொழிற்சங்கங்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1958இல் மூணாறில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலைமலையாகப் பாடிப் பிரசாரம் செய்தார். உடன் சென்ற தம்பிதான் பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்தவர். தோட்டத் தமிழர்கள் வாக்கு வேட்டைக்குரிய மக்களாகிவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் வருகிறது. கங்காணியை எதிர்க்க எழுந்த சங்கம், ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும் ஆளாகிவிட்டால் என்ன செய்வது?

2015: ஒன்பது நாள்

2005ஆம் ஆண்டு டாடா தேயிலை நிறுவனம் மூணாறுத் தோட்டங்களைப் புதிய கண்ணன் தேவன் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்கள், தொழிலாளர்கள் பெயரில் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் கொழுந்து எடுப்பவரே முதலாளி. ஆனால் 2015இல் அவருடைய நாள் கூலி 232 ரூபாய். பங்குப் பத்திரம் கையில் இருப்பதும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்த ஆண்டு போனஸ் 10 விழுக்காடு என்று அறிவிப்பு வந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33, மிகுதி 20 விழுக்காடு. இருபது வேண்டும், நாள் கூலி 500 ரூபாய் வேண்டும் என்று செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூணாறு நகருக்கு இறங்கி வந்து கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘பெம்பிளை ஒருமை’.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவை அரசர்க்குச் சொன்னவை. கூடை சுமக்கும் பெண்கள் அவற்றை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள்.

வலி: தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கை நின்றால் தொழிற்சாலை நின்றது. பறித்த கொழுந்தை அன்றன்றே பக்குவம் செய்தாக வேண்டும். பறிக்காவிட்டாலோ செடியில் முற்றிப் பயனற்றுப் போகும். இந்த வலிமை எப்போதும் அவர்களிடம் இருந்ததுதான். அன்றைக்குத்தான் அதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.

காலம்: உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. எந்தக் கட்சியும் அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாத நேரம்.

இடம்: மலைக்குள் ஏதோ ஒரு எஸ்டேட் வாசலில் உட்கார்ந்திருந்தால் ஒரு கண்காணிப்பாளர் மட்டும் பார்த்திருப்பார். சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் நகரின் நடுவே உட்கார்ந்ததால் நாடே பார்த்தது.

இவற்றைவிட முக்கியமான இன்னொன்றையும் செய்தார்கள். நடுவாளை விலக்கினார்கள். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்று எந்தச் சங்கத் தலைவரும் தங்களுக்காகப் பேச வேண்டாம் என்றார்கள். தலைவர்கள் நிர்வாகத்தோடு இணங்கிப் போய்ச் சலுகை பெறுகிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. வந்த அரசியல்வாதிகள் பலரைத் திருப்பி அனுப்பினார்கள்; முதுபெரும் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து உடன் அமர்ந்தபோது மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் வீட்டு ஆண்களையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். குடித்துவிட்டு வந்து கலகம் செய்ய ஓர் ஆண் கிடைத்தால் போதும், போராட்டத்தின் பெயரே கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67; ஆக 20 விழுக்காடு. லிசி சன்னி, கோமதி, இந்திராணி போன்ற தொழிலாளிப் பெண்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் தலைவர்களின் பெயர்களாக வந்தன.

வெற்றிக்குப் பின்

கட்டுரையை இங்கேயே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

அக்டோபரில் நாள் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே அந்தக் கூலிக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பகுதியை மறுகை எடுத்துக்கொள்வதும் ஆதிக்கத்தின் பழைய வழக்கம்தான். தொகையை மட்டும் பார்த்து நிபந்தனையைப் பாராமல் விடுவோர் இங்கே ஏமாறுவர்.

நவம்பர் தேர்தலில் கோமதி தேவிகுளம் ஒன்றியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் விரைவிலேயே தலைவியர்க்குள் பிளவு வந்தது. கட்சிகளின் பக்கம் சாய்வும், மீளலும் நடந்தன. 2016 சட்டமன்றத் தேர்தலில் பெம்பிளை ஒருமை நிறுத்திய வேட்பாளர் வெல்லவில்லை. வெளியிலிருந்து உடைக்க முடியாத கூட்டத்தை உள்ளேயிருந்து பிரிப்பது எளிது. ஐந்தாவது கயிறு என்று மேலே சொன்னது இதுதான். ஒன்பது நாள் கோபத்தைக் கொண்டு ஒரு போனஸை வெல்லலாம். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டுமானால் கூட்டம் போட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், தலைமையை மாற்றும் முறை வேண்டும். சலிப்பூட்டும் இந்த வேலைகள் இல்லாத அமைப்பு, எவ்வளவு தூயதாகத் தொடங்கினாலும், சிலர் கைக்குள் போய்விடும் அல்லது சிதறிவிடும்.

ஒரு குடம் தண்ணீரின் வலிமை

இனிப் பாலக்காட்டுப் பக்கம் வருவோம். சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்ற சிற்றூர். தமிழ் பேசும் இரவாளர், மலசர் பழங்குடியினர் வாழும் பகுதி. 2000ஆம் ஆண்டு அங்கே கோக்கோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வேலை கிடைக்கும், ஊர் வளரும் என்ற நம்பிக்கையில் ஊராட்சியே உரிமம் கொடுத்தது. சில மாதங்களில் கிணறுகளில் நீர் தாழ்ந்தது, சுவை மாறியது என்று மக்கள் முறையிட்டனர். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவுக்கு நடந்தார்கள்.

2002 ஏப்ரல் 22ஆம் நாள் ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் மயிலம்மா என்ற இரவாளர் பெண்மணி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஒன்பது நாளில் முடிந்த மூணாறுப் போராட்டத்துக்கு நேர்மாறாக, இது ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆலைக் கழிவை உரம் என்று உழவர்களுக்குக் கொடுத்ததில் காட்மியமும் ஈயமும் இருந்ததாக 2003இல் பி.பி.சி. வானொலி வெளியிட்ட செய்தி, சிற்றூர் வழக்கை உலகச் செய்தியாக்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஊராட்சியின் பங்கு. உலகெங்கும் கிளை பரப்பிய நிறுவனத்தின் முன் ஒரு கிராம ஊராட்சி எம்மாத்திரம்? ஆனால் அதன் கையில் ஒரு சிறு அதிகாரம் இருந்தது, உரிமத்தைப் புதுப்பிப்பது. 2003 ஏப்ரலில் அதை மறுத்தது, ஆலையிலிருந்து வரும் வரி வருமானம் போனாலும் போகட்டும் என்று. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, நிலம் வைத்திருப்பவர் விருப்பம்போல் உறிஞ்ச முடியாது என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று மாற்றிச் சொன்னது. ஆனால் 2004 மார்ச்சிலேயே ஆலை நின்றுவிட்டது. பிறகு திறக்கவே இல்லை. மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என்று 2017இல் நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். 2010இல் அரசு அமைத்த குழு இழப்பை 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. தீமையை நிறுத்துவது ஒரு வெற்றி. நட்ட ஈடு பெறுவது அதைவிட நெடிய இன்னொரு போர்.

பிரெஞ்சு அறிஞர் லா போயத்தி பதினாறாம் நூற்றாண்டிலேயே ஒரு கேள்வி கேட்டார்: ஒருவன் எப்படி ஆயிரம் பேரை ஆள முடிகிறது? ஆயிரம் பேரும் ஒத்துழைப்பதால்தான் என்பது அவர் கண்ட விடை. கூடையை இறக்கி வைத்த பெண்களும், உரிமத்தில் கையெழுத்திட மறுத்த ஊராட்சியும் அந்த நூலைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் விடையை நடத்திக் காட்டினார்கள்.

நமக்கு என்ன?

நகரங்களிலும் அயல்நாடுகளிலும் வாழும் நமக்குக் கங்காணி பழங்கதையாகத் தோன்றலாம். வேலை வாங்கித் தருவதாக ஊரில் கடன் வாங்கச் சொல்லும் முகவர் யார்? வந்து இறங்கியதும் கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டும் முதலாளி யார்? தங்குமிடமும் வேலையும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கும்போது, வேலையை விட்டால் தெருவில் நிற்க வேண்டியவர் யார்? கயிறுகள் அவையே, முடிச்சுப் போடும் விதம்தான் மாறியிருக்கிறது.

ஆகவே ஊரிலிருந்து புதிதாக வருகிற தம்பி தங்கையர்க்கு நம்மில் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியவை சில உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்று சட்டம் சொல்கிறது. முதலாளி அதைப் பிடித்து வைக்க உரிமையில்லை. செய்த வேலை, வாங்கிய பணம், பிடித்த பணம் மூன்றையும் நாள்தோறும் சொந்தக் கையால் ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். எதிர்த்தரப்பின் புத்தகத்துக்கு எதிராக நிற்கக்கூடியது இன்னொரு புத்தகம்தான். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வேண்டாம். கேரளத்தில் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் தமிழிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வகை செய்திருக்கிறது. எல்லைப்புறத்து உறவினர்களுக்கு இதை நினைவூட்டுவதும் ஓர் உதவி.

கடைசியாக, நம் சங்கங்களுக்கும் ஒரு சொல். உதவி தேடி வருகிறவருக்கு நாம் நடுவில் நிற்கிறோம். அந்த இடம் கங்காணி நின்ற இடம். வந்தவர் அடுத்த முறை நம்மைத் தேடாமல் தானே அலுவலகத்துக்குப் போய்ப் பேசும் அளவுக்கு விவரம் சொல்லி அனுப்பினால் அது உதவி. ஒவ்வொரு முறையும் நம் வாசலிலேயே காத்து நிற்கும்படி வைத்துக்கொண்டால், நாமும் ஒரு கைக்கணக்கு எழுதத் தொடங்கிவிட்டோம் என்றே பொருள்.